ரசமட்டம் வைத்த மீன்தொட்டி

தரை போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவர் போட்ட தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே தியானத்தில் உட்கார்ந்துவிடும். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு சின்ன ரசமட்டம் இருக்கும். டீக்கடைக்குப் போனாலும் அதை மேசைமேல் வைத்துப் பார்ப்பார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் நிற்காவிட்டால் அவருக்கு டீ தொண்டையில் இறங்காது. அதனால் தெருவே அவரை ரசமட்டம் என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

அப்படிப்பட்டவருக்கு ஐம்பதைத் தாண்டித்தான் கல்யாண யோகம் அடித்தது. பெண்ணுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. முதல் கணவர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. அந்தச் சலவை அறைக்குத் தரை போடப் போன இடத்தில்தான் பார்த்தார். ஈரத் தரையில் ஒருத்தரும் கால் வைக்கக் கூடாதென்று குறுக்கே கயிறு கட்டி, காவல் நாய் மாதிரி பக்கத்திலேயே குந்தியிருந்தார். எல்லாரும் அவரைத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள். அவள் ஒருத்திதான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "இந்த ஓரம் காஞ்சிருச்சுங்களா?" என்று கேட்டு, சுவரோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு போனாள். அதில் விழுந்தவர்தான் மனுஷன். இந்தக் கதையைத் தெருவில் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். மற்ற இரண்டும் எழுதுகிற மாதிரி இல்லை.

கல்யாணம் இரண்டு கையெழுத்தில் முடிந்தது. அவள் கொண்டுவந்தது சக்கரம் வைத்த ஒரு சிவப்புப் பெட்டி, ஒரு மீன்தொட்டி, அவ்வளவுதான். பெட்டியைப் படுக்கையறைக் கதவோரம் நிறுத்தினாள். அது அங்கேயே நின்றது. காலையில் பாதி ஜிப்பைத் திறந்து ஒரு புடவையை உருவுவாள், மூடிவிடுவாள். துவைத்து மடித்த புடவையும் திரும்பப் பெட்டிக்குள்ளேதான் போகும்.

ஜன்னல் திரைக்கு அளவெடுக்க வந்த கீழ்வீட்டுத் தையல்கார அக்கா இதைப் பார்த்துவிட்டார். அளவு நாடா ஜன்னலில் இருந்தாலும் அக்காவின் கண் எப்போதும் வீட்டுக்குள்தான் இருக்கும்.

"ஏன் தம்பி, பெட்டியைப் பிரிக்காத பொம்பளை ரயிலுக்குக் காத்திருக்கிறவ மாதிரி. எப்போ விசில் ஊதுவான்னு சொல்ல முடியாது. பாத்து நடந்துக்க" என்று படியிறங்கும்போது கொளுத்திப் போட்டுவிட்டுப் போனார்.

அன்றையிலிருந்து ரசமட்டத்துக்கு அந்தப் பெட்டிமேலேயே கண். வீட்டைக் கூட்டும்போது பெட்டியைத் தூக்குவார், கூட்டுவார், அதே சதுரத்தில் அதே கோட்டில் திரும்ப வைப்பார். தூக்கும்போது கனத்தைப் பார்த்துக்கொள்வார். எல்லாம் உள்ளேதான் இருந்தது.

கேட்டுவிட வேண்டியதுதானே என்று தோன்றும். எப்படிக் கேட்பது? புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வங்கிக் கவுன்ட்டரில் பேசுகிற மாதிரிதான் பேசிக்கொள்வார்கள். "சாப்பிடுறீங்களா?" "நீங்க சாப்பிட்டீங்களா?" இந்த லட்சணத்தில், "நீங்க எப்போ கிளம்புறீங்க?" என்று கேட்டால் ஆளையே விரட்டுகிற மாதிரி ஆகிவிடாதா?

மீன்தொட்டி கூடத்தில் காலியாக இருந்தது. வீடு மாற்றும்போது பழைய மணல் நாற்றமெடுத்திருந்ததால் அவள் அதைக் கொட்டிவிட்டாள். செடிகள் ஒரு வாளித் தண்ணீரில் மிதந்தன. பக்கத்து வாளியில் இருந்த ஒரே ஒரு தடிமீனுக்கு அவள் வைத்த பெயர் சூப்பர்வைசர்.

"வேலை ஒண்ணும் செய்யாதுங்க. மூலை மூலையா போய்ப் பாக்கும், அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும்" என்றாள். வாழ்நாளெல்லாம் சூப்பர்வைசர்களிடம் அவதிப்பட்ட ரசமட்டம் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

"ஞாயித்துக்கிழமை லீவுல மண்ணு போடணும். ரொம்ப நாள் இப்படி மிதந்தா செடி அழுகிடும்" என்றாள்.

மண் போடணும் என்ற சொல் ரசமட்டத்தின் காதில் தேனாகப் பாய்ந்தது. தரை வேலை! நம்ம தொழில்! அவள் வருவதற்குள் முடித்து வைத்துவிட்டால்? செடி வேர் ஊன்றிவிட்டால் அவளும் இருந்துவிடுவாள் என்று ஒரு கணக்கு. சனிக்கிழமை அவள் வேலைக்குக் கிளம்பியதும் இவர் மீன்கடைக்குக் கிளம்பினார்.

மீன்கடைக்காரர் மிளகு மாதிரி கறுப்பு உருண்டைகளை அள்ளிக் காட்டினார். "செடின்னா இதாண்ணே. சுட்ட மண்ணு. உள்ள சத்து இருக்கு, வேர் சும்மா இறங்கும். வெறும் மணலா இருந்தா நல்லா கழுவணும். இதை மட்டும் கழுவிடாதீங்க, கரைஞ்சிரும்."

"நீ மீன் விக்கிறவன். நான் மண்ணுலயே வாழ்றவன். எனக்கே மண்ணைப் பத்தி பாடம் எடுக்கிறியா?"

"எல்லாருமே கடைசியில மண்ணுக்குத்தாண்ணே போறோம். கழுவாதீங்க."

ரசமட்டம் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். குளியலறையில் வைத்துப் பிரித்தார். கழுவக் கூடாது என்பது ஞாபகத்தில் இருக்கத்தான் இருந்தது. ஆனால் கழுவாத மண்ணில் தரை போட்டால் உப்புப் பூத்து வருஷத்துக்குள் உரிந்துவிடும். முப்பது வருஷப் பழக்கம், புத்தி சொன்னாலும் கை கேட்கவில்லை. ஒரு தண்ணீர் ஊற்றி அலசினார். கறுப்பாக வந்தது. "பாத்தியா, எவ்வளவு அழுக்கு" என்று மறுபடி அலசினார். அப்போதும் கறுப்பு. அழுக்கு முழுக்கப் போய்த் தண்ணீர் தெளிந்தபோது, வாளியின் அடியில் காபி வண்டல் மாதிரி ஒரு கைப்பிடிதான் மிச்சம். மண் மொத்தமும் சாக்கடை வழியாக ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது.

அதற்காகத் தொழில்காரன் வேலையை நிறுத்துவானா? ஒரு பணக்கார வீட்டு வேலையில் மிஞ்சிய வெள்ளை மார்பிள் சில்லு வீட்டில் கிடந்தது. அதை அடியில் பரப்பினார். மேலே மணலை மாவு மாதிரி சலித்துக் கொட்டி, நனைத்து, மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்கினார். ரசமட்டத்தை வைத்தார். குமிழி நட்ட நடுவில் நின்றது. பென்சிலால் துளை போட்டுச் செடிகளைச் செருகி, ஆணி அடித்த மாதிரி இறுக்கிவிட்டார். மீனை மட்டும் அவள் கையாலேயே விடட்டும் என்று வாளியில் விட்டு வைத்தார்.

சாயங்காலம் அவள் வந்தாள். தொட்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். கையை உள்ளே விட்டு மணலில் விரலை அழுத்தினாள். விரல் இறங்கவில்லை.

"ஏங்க, இதுல யாராவது நடக்கப் போறாங்களா?"

"இல்லைங்க."

"சூப்பர்வைசருக்குக் கால் இருக்கா?"

"இல்லைங்க."

"வேருக்கு மூச்சு விட எடம் வேணாமா? இப்படி இறுக்கிப் போட்டா கறுத்து அழுகிடும்." குனிந்து கண்ணாடி வழியாக அடியில் கிடந்த வெள்ளையைப் பார்த்தாள். "இது என்ன?" பக்கத்தில் மிஞ்சிக் கிடந்த ஒரு சில்லை எடுத்தாள், சமையலறைக்குப் போய் அதன்மேல் எலுமிச்சையைப் பிழிந்தாள்.

ரசமட்டம் பதறிப்போனார். "ஐயையோ, மார்பிள்ல எலுமிச்சம்பழமா! கறை புடிச்சிரும்ங்க!"

"கறை கிடக்கட்டும், எப்படி நுரைக்குது பாருங்க. சுண்ணாம்புக் கல்லு. தண்ணில கரைஞ்சு கரைஞ்சு தண்ணி கடுத்துப் போயிடும், இந்தச் செடிங்களுக்கு ஆகாது. கடையில செடி மண்ணு இல்லையா?"

"இருந்துச்சு. வாங்கினேன்."

"எங்க?"

அவர் குளியலறைப் பக்கம் பார்த்தார். அவள் போய் எட்டிப் பார்த்தாள். சாக்கடை வாயைச் சுற்றிக் கறுப்பு வளையம். திரும்பி வந்தாள். நேராகப் படுக்கையறைக்குப் போனாள். உள்ளே பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

விசில் ஊதிவிட்டான். ரசமட்டத்துக்குக் கால் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொண்டது. சக்கரம் வழுக்கிக்கொண்டு போனது, ஒரு தடங்கல் இல்லை. தான் போட்ட தரையை அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சபித்தார். பாவி, ஒரு இடத்திலாவது தட்டக் கூடாதா?

பிறகு ஜிப் சத்தம் கேட்டது. பாதியோடு நிற்காமல் சுற்றி முழுசாகப் போனது. தொப்பென்று ஏதோ விழுந்தது. அவள் பெட்டியை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"கடை இன்னும் மூடியிருக்க மாட்டான் இல்ல? காலையில தோள்லயா தூக்கிட்டு வந்தீங்க? கழுத்து சிவந்து கிடக்கு. இதுல போட்டு உருட்டிட்டு வந்துடலாம்."

"பெட்டி... துணியெல்லாம்?"

"கட்டில்ல கொட்டியிருக்கேன். எங்க வைக்கிறதுன்னு எனக்கென்ன தெரியும்? எந்தத் தட்டு எனக்குன்னு நீங்கதான் சொல்லவே இல்லையே."

ரசமட்டம் ஓடிப்போய் அலமாரியைத் திறந்தார். மேல் இரண்டு தட்டும் காலி. மூலை பிசகாமல் வெட்டிய புதுக் காகிதம் விரித்திருந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடியே ஒழிச்சு வெச்சதுங்க. நீங்களா திறந்து பாப்பீங்கன்னு..."

"அடுத்தவங்க அலமாரியை யாராவது திறப்பாங்களா? இதை வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன, யோவ்!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரசமட்டத்துக்கோ பரிசு வாங்கிய முகம். இத்தனை நாள் 'நீங்க நீங்க' என்றவள் வாயில் ஒரு 'யோவ்'!

படியில் பெட்டி தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டுத் தையல்கார அக்கா ஊசியும் நூலுமாக வாசலுக்கு வந்தார். "எங்கம்மா, கிளம்பிட்டியா?" குரலில் கவலை பாதி, ஆசை பாதி.

"மண்ணு வாங்கக்கா" என்றாள் அவள்.

அன்றைக்கு அக்கா தைத்த ரவிக்கையில் இடது கை வலது பக்கம் ஏறிவிட்டதாகக் கேள்வி.

மீன்கடைக்காரர் இருவரையும் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "கழுவினீங்களாண்ணே?"

"குளிப்பாட்டியே அனுப்பிட்டார்" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்து மணலையும் மார்பிளையும் வழித்தெடுத்தார்கள். அவள் உருண்டை மண்ணை முன்னால் இரண்டு விரல் கனம், பின்னால் நாலு விரல் கனம் என்று சரிவாக, பொலபொலவென்று பரப்பினாள். தட்டி நிரவப் போன அவர் கையைச் செல்லமாக ஒரு போடு போட்டாள். அப்புறம் மண்மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து, "தட்டு மேல ஊத்துங்க, மண்ணு கலங்கக் கூடாது" என்றாள். அவர் பால் ஊற்றுகிற மாதிரி ஊற்றினார். இருந்தும் தண்ணீர் லேசாகக் கலங்கத்தான் செய்தது. "தெளிஞ்சிடும்" என்றாள். சூப்பர்வைசர் நாலு மூலையையும் சுற்றிப் பார்த்துவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது.

பழக்க தோஷம், அவர் ரசமட்டத்தை எடுத்துக் கண்ணாடிக்கு வெளியே, மண் சரிவோடு சாய்த்துப் பிடித்தார். குமிழி ஒரு கோடிக்கு ஓடிப்போய் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

உள்ளே அவள் புடவைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பெட்டியை என்ன பண்றதுங்க?"

"பரண்ல போட்டுடுங்க. உள்ள மண்ணா இருக்கு."

அவர் பெட்டியைத் தூக்கினார். காற்று மாதிரி லேசாக இருந்தது. ஆனாலும் பயம் தெளிந்தபாடில்லை, வாசற்படியில் நின்று கேட்டார்:

"இதைக் கழுவலாங்களா?"

"அதைக் கழுவலாம்" என்றாள்.