இருபத்திநாலு டிகிரி தண்ணீர்

பிள்ளைகளே, இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். எழுதி முடித்தாலும் ஆறுமா என்று தெரியவில்லை. நான் ஒன்பதாவது வரை படித்தவன். மரக்காணம் உப்பளத்தில் வேலை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் எட்டாவது படிக்கிறாள். ராக்கெட் செய்து விடுவாள். தீபாவளி ராக்கெட் இல்லை. அதில் மருந்தும் கிடையாது, நெருப்பும் கிடையாது. பெரிய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றித் தலைகீழாக நிறுத்தி, சைக்கிள் பம்ப்பால் காற்று அடிப்பாள். உள்ளே இறுகின காற்று தண்ணீரைக் கீழே பீய்ச்சித் தள்ளும், பாட்டில் மேலே பாயும். முனைக்கு ரப்பர் பந்தைப் பாதியாக அறுத்து ஒட்டியிருந்தாள். இறக்கை நாலும் தேர்தல் முடிந்து கிழிந்து கிடந்த போர்டிலிருந்து வெட்டியது. ஒரு இறக்கையில் யாரோ ஒருவருடைய காதும் மீசை நுனியும் இருந்தன. அதை அழிக்க மாட்டேன், அந்தக் காது இருக்கிற இறக்கைதான் நேராகப் பிடிக்கிறது என்று சொல்லிவிட்டாள். பாராசூட் என்னுடைய ஓட்டைக் குடையின் துணி.

ராக்கெட்டை விடக் கஷ்டம் அதை நிறுத்துகிற ஸ்டாண்டு. ஒரு பிளாஸ்டிக் பைப், அதன்மேல் பாட்டில் வாய் இறுக்கமாக உட்காரும். சுற்றிலும் ஒயர் கட்டுகிற டேக் எட்டு, பூனை நகம் மாதிரி பாட்டில் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். நகம் விரியாமல் இருக்க மேலே ஒரு வளையம். கயிற்றை இழுத்தால் வளையம் கீழே வழுக்கி இறங்கும், நகம் விரியும், ராக்கெட் போய்விடும். அந்த வளையம் வழுக்க வேண்டும். அதில்தான் எல்லாம் இருக்கிறது. அது சரியாக வருவதற்கு அவளுக்கு நாலு மாதம் ஆனது.

விடுவது எங்கள் உப்பளத்தில். மரம் கிடையாது, கரண்டு கம்பி கிடையாது. ஆனால் அங்கே ஒரு கண்டிப்பு உண்டு. பாத்தித் தரையை மழைக்காலம் முடிந்ததும் நாங்கள் நாள்கணக்காகக் காலால் மிதித்து மிதித்துத்தான் பதமாக்குகிறோம். அதன்பிறகு கண்டவர் கால் வைத்தால் தரை உடையும், உப்பில் சேறு ஏறும். அதனால் ராக்கெட் பாத்தியில் விழுந்தால் அவள் வரப்பிலேயே சுற்றிப் போய், உப்பு வாருகிற நீளப் பலகையால் இழுத்து எடுப்பாள். இத்தனை மாதத்தில் ஒருநாள் கூட உள்ளே கால் வைத்ததில்லை. அவ்வளவு பத்திரமான பெண். இதை ஏன் சொல்கிறேன் என்று கொஞ்ச நேரத்தில் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வந்தது. அதில் ஒருவரை மட்டும் விழுப்புரத்துக்கு, மாவட்டப் போட்டிக்கு அனுப்புவார்கள். கண்காட்சி புதன்கிழமை. ஒரு வாரமாக எங்கள் வீட்டில் சோறு, குழம்பு, விழுப்புரம், இவ்வளவுதான் பேச்சு.

முந்தின ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒருமுறை விட்டுப் பார்க்க வந்தாள். கொண்டுவந்த நல்ல தண்ணீர் முதல் தடவையிலேயே தீர்ந்துவிட்டது. உப்பளத்தில் குடிக்கிற தண்ணீரே குடத்தில் வருவதுதான்.

"போய் எடுத்துட்டு வர்றேம்பா."

"எதுக்கு? தோ இருக்குது பாரு பாத்தி நெறைய. இருபத்திநாலு டிகிரி தண்ணி. நல்ல தண்ணிய விட கனம். கனமா வெளிய போனா கனமா ஒதைக்கும். இன்னும் மேல போவும்."

டிகிரி என்றால் சூடு இல்லை, பிள்ளைகளே. தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்ப்போம். இருபத்திநாலு வந்தால் உப்பு இறங்கப் போகிறது என்று அர்த்தம்.

"வேணாம்பா. சார் நல்ல தண்ணின்னுதான் சொன்னாரு."

"உங்க சாருக்குத் தண்ணியப் பத்தி என்னா தெரியும்? இருவது வருசமா தண்ணியிலதான் நிக்கறேன்."

ஊற்றினேன். ராக்கெட் போனது. நிஜமாகவே மேலே போனது. நான் துண்டைச் சுழற்றினேன். "காத்து அதிகமா அடிச்சோம், அதான்" என்றாள் அவள். நான் கேட்டுக்கொள்ளவில்லை. இன்னும் மூன்று முறை அதே தண்ணீர்.

வெயில் சாய்கிறபோது அவள் ஸ்டாண்டைக் கழுவக் குடத்தைப் பார்த்தாள். குடம் காலி. "கொண்டா, நான் எடுத்து வைக்கறேன். நாளைக்குப் பரிச்சை இல்ல? போய்ப் படி" என்றேன். ராக்கெட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஸ்டாண்டை உப்புக் கொட்டகைத் தகரத்தின்மேல் வைத்தேன். வைத்தேன், அவ்வளவுதான். திங்கள், செவ்வாய் இரண்டு நாள் வெயிலும் முழுக்க அதன்மேல்.

புதன்கிழமை காலையில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிற வேலை. ஸ்டாண்டை வண்டியில் வைத்துக்கொண்டு நான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது இவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வாசலிலேயே நின்றிருந்தாள்.

"ஒரு தடவ கயிற இழுத்துப் பாத்துக்கறேம்பா."

"ஒன்னும் ஆவாது, போ போ, கூப்புடறாங்க."

மைதானத்தின் நடுவில் வைத்தாள். பள்ளிக் குழாய்த் தண்ணீர் ஊற்றினாள். பம்ப் நாற்பது தடவை அடித்தாள். பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து பத்திலிருந்து கீழே எண்ணினார்கள். இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். ஸ்டாண்டு சாய்ந்தது, வளையம் அசையவில்லை. மூன்றாவது தடவை கயிறு அறுந்து அவள் பின்னால் உட்கார்ந்து விழுந்தாள். பாட்டில் வாயிலிருந்து தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

மேடையில் ஒரு விருந்தினர், காண்டிராக்ட் வேலை செய்கிறவர், மைக்கில் கேட்டார்: "என்னாம்மா, ராக்கெட்டுக்கு ஊர விட்டுப் போவ மனசு வரலியா?" மைதானமே சிரித்தது. என் பக்கத்தில் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தன், "உப்பளத்து ராக்கெட்டுப்பா, ஊறிப் போயிருக்கும்" என்றான்.

அறிவியல் சார் என் மகளைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார். "பரவால்லம்மா, என்னான்னு பாத்து சரி பண்ணு. மதியானம் இன்னொரு தடவ..." என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் மைதானத்துக்குள் போய்விட்டேன். போய் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தவர்களை ஒன்றும் கேட்கவில்லை. மைக்கில் பேசினவரைக் கேட்கவில்லை. என் மகளைப் பார்த்துக் கத்தினேன்.

"சொன்னா கேக்கறியா நீ? கழுவி வை, கழுவி வைன்னு தலைப்பாடா அடிச்சிக்கிட்டனே! ஒரு பொருள ஒழுங்கா வச்சிக்கத் தெரியுதா ஒனக்கு?"

கழுவி வை என்று நான் ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. கழுவாததால்தான் வளையம் சிக்கியது என்றும் அப்போது எனக்குத் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன். ஊர் சிரிக்கும்போது தப்பு என் பக்கம் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அறுந்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

சார் முகம் மாறிவிட்டது. "கழுவாமயே வச்சிருந்தியாம்மா? விழுப்புரத்துல இத விட பெரிய கூட்டம். அங்க இப்படி ஆச்சுன்னா பள்ளிக்கூடத்துப் பேர் என்னாவறது?" என்றார். மதியானம் இன்னொரு தடவை என்று ஆரம்பித்த பேச்சை அவர் முடிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து சாரைத் திட்டினேன். அந்த மைக் ஆளைத் திட்டினேன். கூலிக்காரன் பிள்ளை என்றால் இளக்காரம் என்று கத்தினேன். அது பொய் இல்லை, அந்தச் சிரிப்பு அப்படிப்பட்ட சிரிப்புதான். இன்றைக்கும் நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன். ஆனால் என் மனைவி அரிசி களைந்துகொண்டே கேட்டாள்:

"கழுவி வைன்னு நீ எப்ப சொன்ன?"

"சொன்னேன்."

"நானும் அங்கதான உப்பு வாரிக்கிட்டு இருந்தேன். எப்ப சொன்ன?"

அவள்மேலும் கத்திவிட்டு வெளியே போனேன். மறுநாள் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் கடை பாயிடம் போனேன். பைப்பும் வால்வும் அவர் கொடுத்தது. போகும்போதே சண்டைக்குத் தயாராகப் போனேன்.

"இன்னா பாய், ஓட்டை சாமானாப் பாத்து எம் பொண்ணு தலையில கட்டிட்டீங்க? ஊரே சிரிச்சிது."

"சபர், சபர், கொஞ்சம் பொறு. மொதல்ல குடு இத." வாங்கி வளையத்தைத் திருகிப் பார்த்தார். ஸ்குரூ டிரைவரால் இடுக்கில் நெம்பினார். வெள்ளை வெள்ளையாகப் பொல பொலவென்று மேஜைமேல் கொட்டியது. ஒரு துளியை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"யா அல்லா! ஏம்பா, ராக்கெட் விட்டீங்களா, இதுல உப்பு வெளய வச்சீங்களா?"

நான் அந்த மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகளே, தண்ணீர் காய்ந்தால் உப்பு நிற்கும். உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிய வேண்டும். என் சோறே அதுதான். இருபது வருடமாக அது காய்வதற்குத்தானே காத்துக்கொண்டு நிற்கிறேன்? தரையில் காய்ந்தால் உப்பு என்று தெரிந்தவனுக்கு, வளையத்தில் காய்ந்தாலும் உப்பு என்று தெரியவில்லை. வளையத்துக்கும் நகத்துக்கும் நடுவில் கல் மாதிரி விளைந்து நிற்கிறது, என் கையால் ஊற்றின இருபத்திநாலு டிகிரி. அவளுக்கு அது மைதானத்திலேயே புரிந்திருக்கும். அதனால்தான் அப்படிப் பார்த்தாள். புரிந்தும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அது எனக்கு அறைந்த மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் போனேன். சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உப்புத் தண்ணீர் ஊற்றினது நான், கழுவாமல் வைத்தது நான், அவளை இழுத்துப் பார்க்கவிடாமல் துரத்தினது நான், பொய் சொன்னதும் நான்.

சார் கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். "நேத்து காலையில வந்திருக்கக் கூடாதாங்க? லிஸ்ட்டு போயிடுச்சே."

"மாத்த முடியாதுங்களா?"

"வேற புள்ள பேரு போயிருக்குது. அந்தப் புள்ள என்னா பாவம் பண்ணுச்சு?"

நேற்றுக் காலையில் நான் எங்கே இருந்தேன்? பாய் கடையில் சண்டைக்கு நின்றுகொண்டிருந்தேன். சாமான் மேல் தப்பு, சார் மேல் தப்பு என்று அலைந்த ஒரு நாளில் அவளுடைய விழுப்புரம் கைவிட்டுப் போய்விட்டது.

"அப்ப புள்ளைங்க எதிர்லயாவது நான் சொல்லணும்ங்க" என்றேன். எட்டாம் வகுப்புக்குக் கூட்டிப் போனார். என் மகள் மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று, உங்களுக்கு இப்போது சொன்ன மாதிரியே சொன்னேன். என்னை நானே நாலு கெட்ட வார்த்தை திட்டலாம் போல இருந்தது, பிள்ளைகள் இருக்கிறார்களே என்று விட்டேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "மாமா, அப்ப உப்புத் தண்ணி ஊத்துனா மேல போவுமா, போவாதா?"

எனக்குத் தெரியவில்லை. சாரைப் பார்த்தேன். சார் யோசித்தார். என் மகள் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "போவும். கழுவணும்."

வகுப்பே சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உப்பளத்துக்கு வந்தாள். ராக்கெட், ஸ்டாண்டு, புதுக் கயிறு, இரண்டு குடம் நல்ல தண்ணீர், எல்லாம் அவளே சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நான் பம்ப்பைப் பிடிக்கப் போனேன்.

"கையக் காட்டு."

காட்டினேன். உப்பளத்துக் கை, வெடிப்புக்கு வெடிப்பு வெள்ளையாக இருந்தது. அவள் குடத்தைச் சாய்த்தாள். நான் கழுவினேன். போதும் என்று அவள் சொல்லும் வரை கழுவினேன்.

"பம்ப்பு மட்டும் அடி. கயிறு நான்தான்."

நாற்பது அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் அந்த மைதானத்துச் சிரிப்பும், அதைவிடப் பெரிதாக என் சத்தமும் காதில் கேட்டன. அவள் இழுத்தாள். வளையம் சுலபமாக இறங்கியது. காதும் மீசையும் சுழலாமல் நேராக மேலே போயின, குடை விரிந்து, ராக்கெட் தூரத்துப் பாத்தியில் மெதுவாக வந்து உட்கார்ந்தது. பாத்தியில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துக் கை தட்டினார்கள். விழுப்புரத்தில் இதைப் பார்த்து எத்தனை பேர் தட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். மறுபடி கோபம் வந்தது.

வரப்பில் சுற்றிப் போய் ராக்கெட்டை இழுத்து எடுத்துக்கொண்டு வந்தாள். மிச்சத் தண்ணீரில் வளையத்தைக் கழுவினாள். நல்ல தண்ணீரில்தான் விட்டாள், ஆனாலும் மூன்று தடவை கழுவினாள். பிறகு எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டினாள். ஸ்டாண்டு ஹேண்டில் பாரில் சரியாக நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது.

கொண்டா, நான் எடுத்து வைக்கறேன் என்று வாய் வரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். அவள் அதை அவிழ்த்து மறுபடி கட்டினாள். கட்டி முடிகிற வரை தள்ளி நின்றுவிட்டு, பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு அவள் சைக்கிளுக்குப் பின்னால் நடந்தேன்.