பத்துக்கு ஒன்பது

எழுபதுகளில் பாகூரில் டிங்கர் பட்டறை வைத்திருந்தார் ஒருவர். குட்டை ஆள், காதிடுக்கில் எப்போதும் ஒரு சாக்பீஸ். எந்தக் கார் வந்தாலும் பானட்டை விரல் கணுவால் தட்டிப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று அதன்மேலேயே மார்க் எழுதுவார். என் பழைய காருக்கு ஒன்பது. ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

அடுத்த மாசமே சோரியாங்குப்பம் ரோட்டில் புளியமரத்தில் மோதினேன். ஸ்டியரிங் இடித்து முன்பல் இரண்டும் போயின.

"ஒன்பது போட்டீங்களே!" என்று காரோடு அவரிடம் போய்க் கத்தினேன்.

அவர் பானட்டைத் தடவினார். சின்ன நெளிசல்கூட இல்லை. சந்தோஷமாகப் பத்து என்று எழுதினார்.

"என் பல்லு?"

"இன்னாபா, வண்டியத்தானே தட்டிப் பாத்தேன்? உன்னத் தட்டிப் பாக்கலியே!"

இப்போது புதுக் காருக்குள் ஆள் மாதிரி ஒரு பொம்மையை உட்காரவைத்து, சுவரில் மோதவிட்டு மார்க் போடுகிறார்களாம். அந்தப் பொம்மைக்குப் பல் உண்டா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.