பிறேமுக்குள் மூன்று தலைவர்கள்

நவம் தோழர் என் அப்பாவின் பேச்சைத் திருடிவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஆட்கள் புலம்பெயர்ந்து வாழும் அஜின்கோர்ட்டில், ஒரு மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால் திருடினார்.

வியட்நாமில் தலைமை மாறியதையும் அங்கே சீர்திருத்தம் இனி என்னவாகும் என்பதையும் பற்றிய கூட்டம் அது. மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "ஆளை மாத்திறது காணாது, முறையை மாத்தவேணும். இதை நான் எண்பதுகளிலையே சொன்னனான்." எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு வழவழப்பான தாளின் மணம் மூக்கில் ஏறியது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கை முனையிலிருந்த கட்சி வாசிகசாலையின் மணம் அது. சோவியத்திலிருந்து வரும் தமிழ்ச் சஞ்சிகைகளைப் பெரியவர்கள் படித்து முடித்ததும், பிள்ளைகள் நாங்கள் கொப்பிகளுக்கு "உறை" போட வாங்கிப் போவோம். மழையில் நனைந்தாலும் தாங்கும் தாள். சோவியத் தலைவரின் படமுள்ள பக்கத்தை மட்டும் தரமாட்டார்கள். அதை மட்டையில் ஒட்டிச் சுவரிலிருந்த கண்ணாடி பிறேமுக்குள் வைப்பார்கள். புதுத் தலைவர் வந்தாலும் பழையவரைக் குப்பையில் போடக்கூடாது, புதியவருக்குப் பின்னால் வைக்கவேண்டும் என்பது கிளைச் செயலாளராக இருந்த நவம் தோழரின் கட்டளை. ஆணி கழற்றிப் படம் மாற்றுவது சைக்கிள் திருத்தும் என் அப்பாவின் வேலை.

அந்த நாட்டுத் தலைவர்கள் வயதுபோய், ஒருவர் பின் ஒருவராகச் செத்துக்கொண்டிருந்த காலம். மூன்றாவது படத்தை வைத்தபோது பிறேமின் பின்பலகை மூடவில்லை. அப்பா உள்ளங்கையால் அமர்த்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தோழர், உள்ளுக்க ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்கினம், இவருக்கு இடமில்லை. ஆளை மாத்திறது காணாது, முறையை மாத்தவேணும்."

இருந்தவர்கள் சிரித்தார்கள். உறைத்தாளுக்குக் காத்திருந்த நானும் சிரித்தேன். நவம் தோழர் சிரிக்கவில்லை. "உது எதிரியின்ர கதை," என்றார். அடுத்த கிழமை அப்பாவைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். அதன்பிறகு ஒழுங்கையில் கண்டாலும் தோழர்கள் அவரோடு கதைக்கவில்லை; காற்றுப்போன சைக்கிளைக்கூட எங்கள் கடையைத் தாண்டி உருட்டிக்கொண்டு போனார்கள்.

சோவியத்தில் அடுத்து வந்த தலைவர் சீர்திருத்தம் என்று பேசத் தொடங்கினார். அப்பா அந்தப் பேச்சு வந்த சஞ்சிகையைத் தூக்கிக்கொண்டு, என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நவம் தோழர் வீட்டுக்குப் போனார்.

"இஞ்ச பாரும் தோழர், நான் சொன்னதைத்தானே அவையும் சொல்லினம்!"

"மேல இருக்கிறவை சொன்னா சீர்திருத்தம். சைக்கிள்காரன் சொன்னா துரோகம்," என்றார் நவம் தோழர், கதிரையை விட்டு எழும்பாமலே.

அப்பா அதற்குப் பிறகு யாருடனும் அரசியல் பேசவில்லை.

வாசிகசாலை சண்டையில் எரிந்துபோயிற்று. பிறேமும் போயிற்று. அந்தச் சோவியத் நாடே இப்போது இல்லை. அப்பா போன மாசியில் அஜக்ஸில், என் வீட்டில் இறந்தார். கடைசிக் கிழமைவரை வாசல் மணி அடித்தால், "நவமோ?" என்று கேட்டார். நவம் தோழருக்கு நான் மூன்று தரம் போன் எடுத்தேன். அவர் வீட்டிலிருந்து அரை மணித்தியாலக் கார் ஓட்டம்தான். வரவில்லை. செத்தவீட்டுக்கும் வரவில்லை.

எனக்கு அலுத்துவிட்டது. சண்டை பிடிக்கத் தெம்பில்லை, மன்னிப்பும் தேவையில்லை. நவம் தோழர், அடுத்த கூட்டத்தில் நான் முன்வரிசையில் இருப்பேன். அதே மைக்கில், அதே ஆட்களுக்கு முன்னால் சொல்லுங்கள்: அது யார் சொன்ன பேச்சு? சொன்னவரை நீங்கள் என்ன செய்தீர்கள்?