சமாதி நீங்கலாக

1. நாங்கள் விற்ற நிலத்தில் இருந்த பெரியப்பாவின் சமாதி, கம்பெனிக்காரர்கள் கொட்டிய மண்ணுக்கடியில் போய்விட்டது.
2. அதைத் தேடச் சித்தப்பா ஒரு மெட்டல் டிடெக்டரை இரவல் வாங்கி வந்தார்.
3. பெரியம்மா ஓரிடத்தில் நின்று, "இங்கதான்" என்றார்.
4. கருவி கத்தியது.
5. யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.

அப்போது நான் நான்காம் வகுப்பு. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த பெரியப்பா, நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனார். சூளகிரிக்குப் பக்கத்தில் எங்கள் நிலத்திலேயே அவரை அடக்கம் செய்து, முழங்கால் உயரத்துக்குச் சிமெண்டில் சமாதி கட்டியிருந்தார்கள். தலைமாட்டில் ஒரு பித்தளைத் தகடு. அதில் பெயர், பதவி, படை எண்.

ஓசூர்த் தொழிற்சாலைகள் நெடுஞ்சாலையோரமாக எங்கள் பக்கம் வந்து சேர்ந்தபோது நிலத்தை விற்றார்கள். "சமாதி இருக்கும் இடமும் அதற்குப் போய்வரும் பாதையும் நீங்கலாக" என்று பத்திரத்தில் எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று பெரியம்மா உட்கார்ந்துவிட்டாராம். எழுதினார்கள். ஆனால் எந்த இடம் என்று யாரும் அளந்து எழுதவில்லை. கண்ணெதிரே இருப்பதை அளப்பானேன் என்று நினைத்திருப்பார்கள்.

கம்பெனி பள்ளத்தை மேடாக்க லாரி லாரியாக மண் கொட்டியது. நாங்கள் போய்ப் பார்த்தபோது சமாதியும் இல்லை, அடையாளத்துக்கு நின்ற புங்கமரமும் இல்லை. இடத்தைக் காட்டினால் விட்டுவிடுகிறோம், இல்லாவிட்டால் மேலேயே தளம் போட்டுவிடுவோம் என்றார் மேனேஜர். ஒரு நாள் அவகாசம்.

சித்தப்பா வேறொரு கம்பெனியில் செக்யூரிட்டி. வேலை முடிந்து போகிறவர்களின் உடம்பில் தடவிப் பார்க்கும் கருவியைத்தான் கொண்டுவந்திருந்தார். குனிந்து, மண்ணை ஒட்டிப் பிடித்தார். கத்தியது. எல்லோரும் ஓடினோம். இரண்டடி தள்ளிப் பிடித்தார். அங்கேயும் கத்தியது. எங்கே வைத்தாலும் கத்தியது. லேத் பட்டறைகளின் இரும்புச் சுருளும் தூளும் அந்த மண் முழுக்கக் கலந்திருந்தன.

மண் தள்ளும் வண்டியின் டிரைவர் மேலிருந்து சிரித்தார். "என்னாண்ணா, ஊரு தங்கத்தயெல்லாம் இங்கதான் பொதச்சி வெச்சிகீறாங்களா?"

"வாய மூடிக்கினு வண்டிய ஆஃப் பண்ணு" என்றார் சித்தப்பா.

டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "யாருக்கா தவறிப்போனது?" என்று பெரியம்மாவைக் கேட்டார்.

"எங்க வூட்டுக்காரரு. மிலிட்டரில இருந்தாரு."

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

வெயில் ஏறியது. பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டில் நடந்தார். இரும்புச் சுருள் காலைக் கிழித்தது. அவர் குனிந்து பார்க்கவில்லை. மலையைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். தூரத்தில் மேனேஜரின் கார் தெரிந்ததும் நின்றார்.

"இங்கதான்."

"அண்ணி, நெசமாவா?"

"கார் வருது பாரு. இங்க வை."

மேனேஜரும் அவர் கூட்டிவந்த கிராம அதிகாரி வி.ஏ.ஓ.வும் இறங்கி வந்தபோது கருவி பெரியம்மாவின் காலடியில் கத்திக்கொண்டிருந்தது.

"வேற எங்கயாவது கத்துதா?" என்றார் மேனேஜர்.

நான் வாயைத் திறந்தேன். சித்தப்பா சட்டென்று பேட்டரியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து மூடினார். "சூடாயிடுச்சி சார். கண்ணு, பத்திரமா வெச்சிக்க."

"இங்க மட்டும்தான் சார்" என்றார் டிரைவர். "காலைலேருந்து நானும் கேட்டுக்கினுதான் கீறேன்."

"அப்படின்னா தோண்டிப் பாத்துடலாம். தகடு இருந்தா முடிஞ்சுது."

வி.ஏ.ஓ. தன் செருப்பில் குத்தியிருந்த இரும்புச் சுருளைப் பிடுங்கி, ஒரு கணம் பார்த்துவிட்டு, தூர எறிந்தார். "பொதச்ச எடத்த தோண்டணும்னா தாசில்தார் உத்தரவு வேணும் சார். சும்மா கைவெச்சா கேஸாயிடும். மிலிட்டரிக்காரரு வேற."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். பெரியம்மா நின்ற இடத்தைச் சுற்றி நான்கு மூலைக்கும் கல் நடச் சொன்னார்.

மற்ற இடங்களில் கத்தியது இரும்புத்தூளுக்கு, பெரியம்மாவின் காலடியில் கத்தியது தகட்டுக்கு என்று நம்பி, அந்த மெஷின் எங்கள் பெரியப்பாவைக் கண்டுபிடித்தது என்று பள்ளியில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். இன்று ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கருவிகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. அந்த மாதிரிக் கருவிக்கு மண்ணில் ஒரு சாணுக்குக் கீழே இருப்பது தெரியாது. அந்த மேடு அன்று என்னைவிட உயரம். பெரியம்மா அந்த இடத்தைக் கண்டுபிடிக்கவில்லை, முடிவு செய்தார். சுற்றி நின்ற பெரியவர்களில் மேனேஜரைத் தவிர எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது என்பதுதான் எனக்குத் தெரியாமல் போனது.

இப்போது எங்கள் பழைய நிலத்தில் எழுந்த தொழிற்சாலையில், வண்டி நிறுத்தும் ஷெட்டுக்கும் மதிலுக்கும் நடுவே கம்பி வேலி போட்ட ஓர் இடம் இருக்கிறது. சர்வேயர் வரைபடத்தில் அது சமாதி. கம்பெனி இரண்டு முறை கைமாறிவிட்டது. அந்த இடத்தை யாரும் தொடவில்லை, தொடவும் முடியாது. ஆண்டுக்கொருமுறை கேட்டில் பெயர் எழுதிவிட்டுப் பெரியம்மா உள்ளே போய்க் கற்பூரம் ஏற்றுகிறார். பெரியப்பா வேலிக்குள் இருக்கிறாரா, ஷெட்டின் தளத்துக்கு அடியில் இருக்கிறாரா என்பது யாருக்கும் தெரியாது.