வேனுக்குள் வைத்த பிரிட்ஜும் மச்சானின் லெவலும்

அந்த பிரிட்ஜை நான் பழுதாக்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் இதை எழுத வேண்டியிருப்பதே எனக்கு எரிச்சல். ஆனால் ஆட்களுக்கு முன்னால் வாய் திறந்து கதைக்க எனக்கு அன்றும் வராது, இன்றும் வராது. எழுதினால்தான் உண்டு.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் மச்சான், மூத்த சகோதரியான ராத்தாவின் மாப்பிள்ளை, சவூதியிலிருந்து கல்முனைக்குத் திரும்பி வந்தார். அங்கே வெள்ளைக்கார எஞ்சினியர்கள் பாலைவனத்தில் தங்குவதற்கென்று செய்த வண்டியை ஓட்டியவர். கட்டில், அடுப்பு, பிரிட்ஜ் எல்லாம் உள்ளே இருக்குமாம். தானும் அப்படி ஒன்று வைத்திருக்க வேண்டும் என்று ஒரு பழைய வேனை வாங்கினார். பின் ஆசனங்களைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில் அடித்தார். சவூதியிலிருந்து கொண்டுவந்த சின்ன பிரிட்ஜைக் கட்டிலின் தலைமாட்டில் இறுக்கினார். அது இடுப்பளவு உயரம்கூட இல்லை. கேஸிலும் வேலை செய்யும், வேன் பேட்டரியிலும் வேலை செய்யும். தெருவே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

எங்கள் வீட்டுக்கு அது விளையாட்டுச் சாமான் அல்ல. வாப்பாவுக்குச் சீனி வருத்தம். காலையும் பின்னேரமும் இன்சுலின் ஊசி போட வேண்டும். முந்தின சிறுபோகத்தில் வரிப்பத்தான்சேனை வயல் வாடிக் குடிசையில் தங்கியிருந்தபோது மருந்துப் போத்தலை ஈர மணல் பானையில் வைத்திருந்தோம். அந்த வெயிலில் மருந்து கெட்டதோ என்னவோ, வாப்பா வரம்பில் மயங்கி விழுந்துவிட்டார். அதற்குப் பிறகு ராத்தா அவரை வயல் பக்கம் விடவில்லை. வாப்பாவுக்கோ, சூடு அடித்து நெல்லைப் பிரிக்கும்போது களவெட்டியில் தான் நிற்காவிட்டால் அது தன் வெள்ளாமையே அல்ல.

வேன் தயாரானதும் ராத்தா இறங்கி வந்தா. "போங்க வாப்பா. மருந்து குளிரா இரிக்கும் மட்டும் இரிங்க. குளிர் உட்டா அண்டைக்கே வீட்ட வந்துரணும்" என்றா. பிரிட்ஜைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது.

பிரிட்ஜின் பின்பக்கத்துச் சூடு வெளியே போக வேனின் பக்கத் தகட்டில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ஓட்டைகளை உளியால் வெட்டியவன் நான். ரப்பர் குழாயின் மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசிக் கேஸ் கசிகிறதா என்று பார்த்தவன் நான். புறப்படுவதற்கு முதல் நாள் எங்கள் வளவு மணலில் வேனை நிறுத்தி அதைப் பற்ற வைத்தேன். நெருப்பு நகமளவில் நீலமாக நின்றது. மறுநாள் காலையில் தட்டில் ஊற்றியிருந்த தண்ணீர் கட்டியாகிக் கிடந்தது.

மச்சான் இங்கிலீஷ் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டார். "பிரிட்ஜ லெவல்ல வெக்கட்டாம்" என்றார்.

"எத்தினாம் லெவல்ல மச்சான்?" என்று கேட்டேன். முன்பக்கத்துத் திருகியில் ஒன்றிலிருந்து ஐந்து வரை இலக்கம் இருந்தது.

"அது போடல்ல. மூணுல வை."

மூன்றில் வைத்தேன்.

வயலில் வாடிக்குப் பக்கத்தில் நல்ல வெட்டை வெளி இருந்தது. மச்சான் அங்கே நிறுத்தவில்லை. வாய்க்கால் கட்டின் சரிவில் ஏற்றி, மூக்கு மேலேயும் வால் கீழேயுமாக நிறுத்தினார். காற்று வருமாம். ரோட்டால் போகிறவர்களுக்கு வேன் தெரிய வேண்டும் என்பதுதான் உண்மை.

மறுநாள் பகலில் பனிக்கட்டி உருகத் தொடங்கியது. மூன்று போதாது, ஐந்தில் வை என்றார். வைத்தேன். பட்டர் இளகி ஓடியது. ஐந்து கூடிவிட்டது, ஒன்றில் வை என்றார். அதையும் செய்தேன். பிறகு கேஸ் சரியில்லை என்று பேட்டரியில் போட்டுவிட்டுப் படுத்தார். விடிய வேன் ஸ்டார்ட் ஆகவில்லை. மறுபடி கேஸில் போட்டோம்.

இவ்வளவும் அவர் செய்துவிட்டு, அறுவடைக்கு வந்த வெட்டுக்காரர்கள் தேத்தண்ணி குடிக்கக் கூடியிருந்த இடத்தில் என்னைக் காட்டிச் சொன்னார். "நிமிசத்துக்கு ஒருக்கா கதவத் திறந்து பாக்கான். பிறகு எப்பிடிக் குளிரும்?"

"உள்ளுக்கு ஆரயும் ஒளிச்சி வெச்சிரிக்காரோ தெரியா" என்றார் ஒருவர்.

"பொண்ணு பாக்கயும் இப்பிடித்தான் திறந்து திறந்து பாப்பாரு போல" என்றார் இன்னொருவர். சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. நான் ஒரு நாளைக்கு இரண்டு தரம்தான் திறந்தேன், ஊசி நேரத்தில் மட்டும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பர்னரைக் கழற்றிக் கரியைத் துடைத்தேன். நெருப்பு முன்பு போலவே நீலமாக எரிந்தது. பின்பக்கம் சுட்டது. உள்ளே மட்டும் குளிர் இல்லை. உருகிய பனிக்கட்டித் தண்ணீருக்குள் மருந்துப் போத்தலை நிற்க வைத்தேன். தொட்டால் இன்னும் கொஞ்சம் குளிர் இருந்தது. இன்னொரு பகலைத் தாங்காது.

வாப்பாவும் வந்து தொட்டுப் பார்த்தார். வாடிக்குள் போய்ச் சாரனையும் துவாயையும் பைக்குள் வைக்கத் தொடங்கினார். மறுநாள்தான் சூடு அடிக்க இருந்தோம்.

"ராத்தாக்கிட்டச் சொல்லிட்டுத்தானே வந்த மகன். பின்னேரம் போவம்" என்றார்.

நான் வேனுக்குள் ஏறி மச்சானின் புத்தகத்தை எடுத்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். நாலாம் பக்கத்தில் பிரிட்ஜின் படம் இருந்தது. அதன் தலையில், கொத்தனார் சுவர் கட்டும்போது வைக்கும் ரசமட்டம். அதன் கீழே எல், ஈ, வீ, ஈ, எல்.

லெவல் என்றால் திருகி இலக்கம் அல்ல. மட்டம். பிரிட்ஜ் மட்டமாக நிற்க வேண்டும். வளவு மணலில் மட்டமாக நின்றது, குளிர்ந்தது. கட்டுச் சரிவில் சாய்ந்து நிற்கிறது, குளிரவில்லை. வயலுக்குப் பலகை அடித்து மட்டம் பார்த்தே வளர்ந்த ஆட்கள் நாங்கள். ஒரு சொல்லை இங்கிலீஷில் கேட்டதால் இரண்டு நாளாகத் திருகியைத் திருகிக்கொண்டிருந்திருக்கிறோம்.

புத்தகத்தைக் கொண்டுபோய் மச்சானிடம் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை.

"இதென்ன வயலா, பலகை அடிக்க? நான் சவூதில பாத்த பிரிட்ஜ நீயா எனக்குப் படிச்சித் தாற? எட்டாம் வகுப்பு முடிச்சிட்டு லெவல் காட்டாத."

வெட்டுக்காரர்கள் மறுபடி சிரித்தார்கள். அவர் எல்லாரோடும் அஸர் தொழப் போனதும் மண்வெட்டியை எடுத்தேன். வேனைத் தள்ளி இறக்க ஆள் பலம் இல்லை. முன் சில்லுகளுக்குக் கீழே மண்ணை வெட்டி வெட்டி எடுத்தேன். மூக்கு மெல்ல மெல்ல இறங்கியது. பிரிட்ஜின் மேல் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்து, அது நாலு பக்கமும் ஒரே அளவில் நிற்கும்வரை வெட்டினேன்.

திரும்பி வந்த மச்சான் குழிகளைப் பார்த்தார். "வேனுக்குக் கபுறுக்குழி வெட்டிரிக்கான் பாருங்க" என்றார்.

வாப்பா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டுத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உடுங்க மருமகன். விடியும் மட்டும் பாப்பம்" என்றார்.

விடிய நான் கதவைத் திறந்தபோது உள் தகட்டில் வெள்ளையாகப் பனி படர்ந்திருந்தது. போத்தலைத் தொட்டதும் விரல் கூசியது. வாப்பா ஊசி போட்டுக்கொண்டு, பையை வாடியில் எறிந்துவிட்டு, நேரே களவெட்டிக்கு நடந்தார்.

அங்கே மச்சான் சொல்லிக்கொண்டிருந்தார். "ராவு படுக்கக்குள்ள நான்தான் நாலுல வெச்சிட்டுப் படுத்த. குளிர் பிடிச்சிட்டு."

வாப்பாவுக்குத் தெரியும். தண்ணீர்த் தட்டைப் பார்த்தவர் அவர். ஆனாலும் வெட்டுக்காரர்களுக்கு முன்னால் சொன்னார். "மருமகன்ட சாமான் நல்ல சாமான்."

மகளுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளை எடுக்கிற ஊர் எங்களது. ஆட்களுக்கு முன்னால் மருமகனைக் குறைத்துக் கதைக்க மாட்டார்கள். மகனைக் குறைத்தால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. அந்த மரியாதை அன்றே எனக்கு விளங்கியது. அது நியாயம் என்று இன்றைக்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

வாப்பா எட்டு நாள் நின்றார். கடைசி நெற்போர் அடித்து முடியும்வரை களவெட்டியை விட்டு அசையவில்லை. ஒவ்வொரு காலையும் தட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, ஈரத்தில் இறங்கிய சில்லுக்குக் கல் வைத்து மட்டம் பிடித்தேன். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

புறப்படும் நாள் வேனைக் குழியிலிருந்து இழுக்க உழவு மெசின் வந்தது. கயிறு கட்டியும் சில்லு ஏறவில்லை. மச்சான் இறங்கி வந்து சுற்றிப் பார்த்தார்.

"குழி வெட்டினவன் பின்னால வந்து தள்ளட்டும்" என்றார்.

அதைச் செய்தது யார் என்று அப்போது மட்டும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வாப்பா முன் ஆசனத்தில் இருந்தார். நான் பின்னால் போய்த் தள்ளினேன்.