ஏழுமலை எடுத்து வந்த தண்ணீர்

எண்பதுகளின் கடைசியில், பழவேற்காட்டில் ஏரி நீரை ஆராயும் சின்ன அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். மீனவர் ஏழுமலை தினமும் முகத்துவாரத்திலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவருவார். அதில் உப்பு எவ்வளவு என்று பார்த்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, ஃபிளாப்பியில் பதிந்து வைப்பது என் வேலை.

வெள்ளிக்கிழமைதோறும் இன்னொரு ஃபிளாப்பியில் நகல் எடுக்கச் சொல்லியிருந்தார் அதிகாரி. ஆரம்பத்தில் எடுத்தேன். பிறகு பொன்னேரி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அப்படியே விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் முகத்துவாரத்தை மணல் மூடியது. கடல் நீர் உள்ளே வராமல் ஏரியில் இறால் இல்லாமல் போனது. மணலைத் தோண்டித் தரும்படி ஊரார் மனு கொடுத்தார்கள். நீர் மாறியதற்கு ஆதாரம் கேட்டார்கள் மேலிடத்தில்.

ஏழுமலை சந்தோஷமாக என்னிடம் வந்தார். "சார், நா எடுத்தாந்த தண்ணி வெவரம் இருக்குதுல்ல? அத்த ஒரு தாள்ல போட்டுக் குடு சார்."

ஃபிளாப்பி திறக்கவில்லை. பூஞ்சை பிடித்திருந்தது. நகலில் கடைசி எட்டு மாதம் இல்லை.

"இன்னா சார், வரலியா?"

"எல்லாம் போச்சு ஏழுமலை. நகல் எடுக்காம விட்டது என் தப்புதான்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஜொரத்துலகூட போய் எடுத்தாந்தேனே சார்" என்றார். அதுவரை அதை அலுவலக வேலை என்றுதான் நினைத்திருந்தேன். அது அவருடைய உழைப்பு என்று அப்போதுதான் உறைத்தது.

ஆதாரம் இல்லாததால் மணல் தோண்ட மறுவருஷம்தான் ஆள் வந்தது. அதற்குள் ஏழுமலை குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போயிருந்தார். ஒருநாள் எண்ணூரில், பஸ் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தேன். கட்டிட வேலையில் செங்கல் சுமந்துகொண்டிருந்தார். இறங்கிப் போய்ப் பேசியிருக்கலாம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.