உயிரோடிருப்பவருக்கு அடித்த மணி

ஆலய மணிக்காரரைப் பற்றிச் சபையில் யாரைக் கேட்டாலும், "யாரு, அந்த விளக்குமாத்துக்காரரா?" என்பார்கள். முப்பது வருஷமாகப் பீடத்துணி துவைத்து, மெழுகு சுரண்டி, திருவிருந்துக் கிண்ணங்களைத் துடைத்து வைத்த மனுஷனுக்குக் கிடைத்த பேர் அது. அவருக்கு அதில் வருத்தமே இல்லை. கேட்கிற நமக்குத்தான் வயிறு எரிகிறது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எட்டுப் பேர் தடியோடு ஆலயத்துக்குள் புகுந்தார்கள். முன்னால் வந்தவன் அவருடைய மச்சினன், மனைவியின் கூடப்பிறந்த தம்பி. கல்லறைத் தோட்டத்தை விற்கக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று போதகர் சொல்லிவிட்டாராம். வெட்கங்கெட்டவர்கள், விற்பதற்குச் செத்தவர்கள் படுத்திருக்கிற இடம்தானா கிடைத்தது?

போதகரை, அவர் அங்கி மாற்றும் அறைக்குள் தள்ளி மிதித்தார்கள். மூக்கு உடைந்த சத்தம் வெளியே கேட்டது. தடுக்கப் போன மணிக்காரரின் முழங்கையில் ஒரே அடி. எலும்பு முறிந்து கை தொங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் போதகர் பிணம்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மணிக்கூண்டுக்கு ஓடினார்.

வேகமாக அடித்தால் பாட்டுப் பயிற்சிக்கு என்று நினைத்து ஜனம் காலை நீட்டிப் படுத்திருக்கும். சாவு மணிக்குத்தான் தெருவே எழுந்து வரும். ஒரு அடி, ஐந்து எண்ணிவிட்டு அடுத்த அடி, செத்தவருக்கு எத்தனை வயசோ அத்தனை அடி. எண்ணிக்கொண்டே ஆலயத்துக்கு நடப்பார்கள். ஆனால் யாருடைய வயசை அடிப்பது? போதகருக்கு முப்பத்தாறு. அதை அடிக்க அவருக்கு மனசு வரவில்லை. தன்னுடைய அறுபத்தொன்றையே அடிப்போம் என்று கயிற்றை நல்ல கையில் சுற்றிக்கொண்டார்.

மூன்றாவது அடிக்குள் எட்டுப் பேரும் போதகரை விட்டுவிட்டு இவர்மேல் பாய்ந்தார்கள்.

"கயித்த விடுங்க அத்தான்," என்று மச்சினன் அவர் முதுகில் தடியால் போட்டான்.

அவர் விடவில்லை. இருபதாவது மணியில் விலா எலும்பு நொறுங்கியது. நாற்பதில் வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. நிற்க முடியாமல் விழுந்தபோதும் கயிறு மணிக்கட்டில் இருந்ததால் உடம்பின் கனமே மணியை இழுத்தது. கணக்கு மட்டும் தப்பவில்லை.

அறுபத்தொன்று விழுந்தபோது வாசல் நிறைய ஜனம். முன்னால் அவர் மனைவி, ஈரக் கையோடு. தடிக்காரர்கள் நழுவினார்கள். மச்சினன் மட்டும் அசையாமல் நின்றான்.

"அக்கா, இவரை அடிக்கணும்னு நான் வரலை. குறுக்கே வந்துட்டாரு."

அவள் புருஷனின் மூக்கில் கை வைத்துப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து கயிற்றை மெதுவாக அவிழ்த்தாள். ஆட்கள் அவரையும், மூச்சு மிச்சமிருந்த போதகரையும் வண்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"உனக்கு நாற்பத்துநாலுதானே?" என்று தம்பியிடம் கேட்டாள்.

அவனுக்குப் புரியவில்லை. அவள் கயிற்றை இழுத்தாள். ஐந்து எண்ணினாள். மறுபடி இழுத்தாள். பத்தாவது அடியில் அவன் கையிலிருந்த தடி விழுந்தது. இருபதில், "நிறுத்துக்கா, நான் உயிரோடதான் இருக்கேன்," என்று அவள் காலைப் பிடித்து அழுதான்.

வெளியே வண்டியில் கிடந்த மணிக்காரர் ஒவ்வொன்றாக எண்ணினார். நாற்பத்துநாலு. ஒன்றுகூடக் குறையவில்லை.